பாதிச் சொல்

சனிக்கிழமை லொறியில் ஏற்றினார்கள்
இருநூற்றுப் பத்துக் கணினிகளை.
மேசைகளுக்கு அடியில் சதுரம் சதுரமாய்
தூசி படியாத தரை மிச்சம்.
ஒரு சதுரத்தில் ஒற்றைத் தோடு,
இன்னொன்றில் பனடோல் அட்டை,
எப்போதோ செத்த கரப்பான்.

திங்கள் காலை என் மேசையில்
சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்பாய் ஒரு பெட்டி.
இதற்குள் ஒன்றுமே இல்லை என்றான் சுகிர்தன்,
பெருமையாக.
"உங்கட எல்லாம் கீழ, குளிர் அறையில இருக்கு அக்கா.
இது வெறும் யன்னல்."
யன்னலுக்கு எதற்குக் கடவுச்சொல் என்றார்
கணக்குக் கிளை மர்சூக் நானா.
பொடியன் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு எழுத்து வேணும் என்றான்.

நிலூகா யாரோடும் பேசவில்லை.
மகளின் படங்கள் நானூறு
பழையதோடு லொறியேறிப் போயின.
அறிவித்தல் மூன்று மொழியிலும் வந்ததுதான்.
யார் வாசித்தோம்?

பூனைக்கும் யாரும் சொல்லவில்லை.
ஆறு வருடமாய்
காணிக் கிளைக் கணினியின் முதுகில் குளிர் காய்ந்த பூனை.
புதுப் பெட்டியில் ஏறிப் பார்த்தது.
நாலு காலும் கொள்ளவில்லை, சூடும் இல்லை.
குளிர் அறைக் கதவடியை ஒருமுறை முகர்ந்துவிட்டு
வெளியே போய்
மான்களுக்குப் பக்கத்தில் வெயிலில் படுத்தது.

நான் கவனித்தது சத்தத்தை.
அத்தனை விசிறிகளும் ஓய்ந்த கச்சேரியில்
உட்துறைமுகத்தில் கப்பல் ஊதுவது
மூன்றாம் மாடிக்குக் கேட்கிறது.

புதன், பதினொன்றரை. குளிர் அறையில் ஏசி நின்றது.
முன்பெல்லாம் பழுது ஆளுக்காள் வரும்.
என்னுடையது சாகும், பக்கத்து மேசை பிழைத்திருக்கும்,
எனக்குப் பொறாமையாய் இருக்கும்.
அன்று எல்லாருக்கும் ஒரே கணத்தில் உறைந்தது.
நாலு மாடியும் தலை நிமிர்ந்தது.
எதிர் மேசைத் தயாபரி கண்ணாடி மாற்றியிருந்தாள்.
எப்போது என்றேன்.
சித்திரையில் என்றாள்.
அது ஐப்பசி.

என் திரையில் ஒரு விண்ணப்பம் நின்றது.
தோப்பூர்ப் பெண். இரண்டு இடப்பெயர்வு.
காணி இப்போது வன இலாகாவின் எல்லைக் கல்லுக்குள்.
தொலைந்தது உறுதி என்று அடிக்கப் போய்
"உறு" வரை வந்திருந்தேன்.
நாலு மணிக்குத் திரைக்கு உயிர் வந்தது.
நாலு மணிக்குத்தான் என் பஸ்ஸும் வரும்.

மறுநாள் மூதூரில் நடமாடும் சேவை.
கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில் பார்த்தேன்,
கையில் ஒரு கோவைகூட இல்லை.
இரண்டாயிரத்து ஆறு ஆவணியில்
மூதூர்க் கந்தோரிலிருந்து நடந்தபோது
கையில் ஒரு பதிவேடு, ஒரு தண்ணீர்ப் போத்தல்.
கிளிவெட்டியில்
பதிவேட்டை ஒரு மரத்தடியில் வைத்தேன்.
போத்தலை வைக்கவில்லை.
அதில் யார் யார் பெயர் இருந்தது என்று
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூதூரிலும் அதே சவர்க்காரக் கட்டி.
பன்னிரண்டு எழுத்தும் அடித்தேன்.
என் மேசை முழுசாய் வந்து நின்றது:
பச்சைப் பின்புறம், மூலையில் லீவுப் பட்டியல்,
நடுவில் விட்ட இடத்தில் விட்டபடி
"உறு".
அதன் பக்கத்தில் கோடு விட்டு விட்டு மின்னியது.

எதிரே அந்தத் தோப்பூர்ப் பெண்.
"எல்லாம் இதுக்குள்ளயா மிஸ்?"
இல்லை, இதற்குள் ஒன்றும் இல்லை என்றேன்.
கேட்காமலே பெட்டியைக் கையில் எடுத்தார்,
வயர் இழுபட,
மீன் நிறுப்பதுபோல் நிறுத்துப் பார்த்தார்.
"பாரமே இல்ல. தூக்கிட்டு ஓடலாம்."
விட்டுவிட்டும் ஓடலாம் என்று
நான் சொல்லவில்லை.

"தி" அடித்தேன்.
உங்கள் பெயர் என்றேன்.
பிழையாய் எழுதிப் பழக்கப்பட்டவர்களின் நிதானத்தோடு
ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லத் தொடங்கினார்.