பகல் தூக்கத்துக்கு ஒரு ரவுட்டர்

ரவுட்டர் வாங்கப் போகிறேன் என்றதும்
நெட் நல்லாத்தானே வருது என்றாள் புளோரா,
நைட் டூட்டி முடிந்து வந்தவள்
சாக்ஸைக்கூடக் கழற்றாமல்.

இது அது இல்லை.
மரத்தில் காடி எடுக்கிற ரவுட்டர்.
முஹரக்கில் நமக்கு வாய்த்த ஒன்றரை அறையில்
ஹாலுக்கும் உன் கட்டிலுக்கும் நடுவே
கூரை வரை ஒரு அலமாரி நிற்கப்போகிறது.
ஆணி கிடையாது. பசை கிடையாது.
பலகையின் விளிம்பு பலகையின் காடிக்குள் இறங்கும்.
வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால்
ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு,
கழன்று வந்துவிடும்.
சுவரில் ஓட்டை இல்லை என்றால்
அட்வான்ஸ் முழுசாய்த் திரும்பும்...

அவள் பாதியிலேயே தூங்கியிருந்தாள்.

சல்மாபாத்தில் இம்தியாஸின் கடை.
கைக்குள் அடங்குவது இருபத்தெட்டு தினார்,
கால் இஞ்ச் பிடி, ஒரு கிலோ எழுநூறு.
இரண்டு கைப்பிடி வைத்தது ஐம்பத்து நாலு,
அரை இஞ்ச், ஐந்தரை கிலோ,
வேகத்தைக் குறைக்க ஒரு திருகு.
விளிம்பு உருட்ட என்றால் சின்னது போதும்,
காடி என்றால் பெரியதுதான் பாய் என்றான்.
வேலை போய் ஏழு மாதம் ஆனவனுக்கு
இருபத்தாறு தினார் வித்தியாசம் என்பது
அவள் கூடுதலாய் விழித்திருந்த இரண்டு இரவு.

வாட்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை.
இரண்டையும் ஓடவிடு என்றேன்.

சின்னது தொண்டையால் கத்துகிற ரகம்.
தரையில் டீஸ்பூன் விழுந்தாலே
எழுந்து உட்கார்ந்துவிடுபவள் அவள்.
பெரியதை மூன்றாம் எண்ணில் வைத்தான்.
அடிவயிற்றிலிருந்து கிளம்பியது
எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.
எங்கள் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி
நாளெல்லாம் ஏறுகின்றன விமானங்கள்.
அதில் ஒன்றுக்குக்கூட
அவள் புரண்டு படுத்ததில்லை.

இது என்றேன்.
ஏன் என்றான்.
சொன்னால் சிரிப்பான் என்று
வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டேன்.
பன்னிரண்டு. பில்லைத் தொலைத்துவிடாதே.
பில் இல்லாமல் வந்தால்
நான் உன்னைப் பார்த்ததே இல்லை.

பால்கனிக் கண்ணாடிக் கதவைச் சாத்தி
இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து
பலகையைக் கவ்வியில் இறுக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
தொலைவில் இரைச்சல் தொடங்கும்போது சுவிட்ச்.
தலைக்கு மேல் வரும்போது அமுக்கு.
இடமிருந்து வலம், கை நிற்கக் கூடாது,
நின்றால் மரம் கருகும்.
வால் மறையுமுன் அணை.
கொச்சிக்குப் போனது ஒரு காடி.
தோஹாவுக்கு ஒன்று.
குவைத்துக்குக் கிளம்பியது சின்ன விமானம்,
பாதிக் காடிதான் முடிந்தது.
பதினொன்றரை முதல் ஒரு மணி வரை
எதுவுமே கிளம்பாத ஒரு நாளில்
மரத்தூளையும் வியர்வையையும் சேர்த்து வழித்தபடி
கால் மரத்துப் போகக் குந்தியிருந்தேன்.
நாலு நாளில் பதினாறு காடிகள்.
இடையில் ஒருமுறை அவள் எழுந்தாள்.
தண்ணீர் குடித்தாள். படுத்துக்கொண்டாள்.

பதினெட்டு மில்லி என்று விற்ற பலகை
அளந்தால் பதினேழரை.
அலகு மட்டும்
சொன்ன சொல் தவறாமல் பதினெட்டு.
மற்ற தட்டுகள் சாமான் கனத்தில் அடங்கின.
மேல்தட்டு மட்டும்
விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.
கைக்கு அகப்பட்ட தாளை எட்டாய் மடித்துச்
சொருகித் தட்டினேன். நின்றது.

ஆகஸ்டில் கடல் காற்றாகவே வீட்டுக்குள் வந்தது.
உப்பு ஜாடியில் கெட்டியானது, பலகை ஊதியது,
அதே வாரத்தில் ரவுட்டரின் சுவிட்ச் செத்தது.
பில்லைத் தேடி
துணிப்பெட்டி வரைக்கும் கவிழ்த்துவிட்டேன்.
கண்ணைத் திறக்காமலே புளோரா
போர்வைக்கு வெளியே ஒரு விரலை நீட்டினாள்,
மேல்தட்டை நோக்கி.

காடி ஓரத்தில்
நகக்கண் அளவு வெள்ளை.
இழுத்தால் வரவில்லை.
ரப்பர் சுத்தியலால்தான் தட்ட வேண்டும்.
அப்படியானால் அன்றைக்கு
எந்த விமானத்துக்கு விழித்திருந்தாள்?

மணி காலை பத்து.
சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
வானத்தில் இன்னும் ஒன்றும் இல்லை.