மாசானமுத்து ப்ரீசர் பாக்ஸ், 24 மணி நேரமும்

வண்ணார்பேட்டை பைபாஸில் பலகை பெரிசுதான்.
கூகுளில் நான்காம் பக்கம்.
சாவு விழுந்த வீட்டில்
நான்காம் பக்கம் வரை யார் புரட்டுவார்கள்?
மாதம் மூவாயிரம் தாரேன், முதல் பக்கத்துக்கு ஏத்திருங்க என்றார்.

முதல் வேலை ஊர்ப் பெயர்.
திருநெல்வேலி, திருனெல்வேலி, நெல்லை, டவுன், ஜங்ஷன்.
இங்கிலீஷில் ஹெச் போட்டும் போடாமலும்.
பாளையங்கோட்டையில் ஒரு எழுத்து விழும்,
மேலப்பாளையத்தில் ரெண்டு.
விடியற்காலை மூன்று மணிக்கு
கை நடுங்கத் தட்டுகிறவனுக்கு
எழுத்துப்பிழை என்று ஒன்று கிடையாது.
அத்தனை பிழைகளையும் சேர்த்துக்கொண்டேன்.

'மலிவு' என்ற சொல்லை
மனசு ஒப்பாமல் எடுத்திருந்தேன்.
'மலிவா கேக்கவன்தான் மேடம் ராத்திரி கூப்பிடுதான்'
என்று திரும்பப் போடச் சொன்னார்.

நட்சத்திரம் கொடுக்க ஆளில்லை.
பதினாறாம் நாள் முடிந்த வீட்டில் போய்
ரிவ்யூ எழுதுங்கள் என்று எப்படிக் கேட்பது?
ஒருவர் மட்டும் தானாக எழுதியிருந்தார்:
'நல்ல கூலிங். அப்பா அப்படியே இருந்தாங்க.'

ஆனி பிறக்கையில் முதல் பக்கம் வந்துவிட்டோம்.
களக்காட்டு ஏத்தன் ஒரு சீப்பு கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலம்
தேடிய சொற்களின் பட்டியலைத் திறந்தேன்.
ஐஸ் பெட்டி வாடகை: முப்பத்தொன்று.
பாடி பாக்ஸ் பக்கத்தில்: பதினாறு.
கரண்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும்: நாலு.
கடைசி வரி,
சின்னப் பிள்ளைக்கு ஐஸ் பெட்டி இருக்குமா:
ஒன்று.
எங்கள் இடம் நாற்பத்தேழு. அழுத்தியது பூஜ்யம்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வாய்ப்பு.
போட்டியே இல்லாத சொல்,
தனிப்பக்கம் ஒன்று போட்டால் போதும்.

கேட்டதற்கு
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
'மூணடிப் பெட்டி ஒண்ணு கெடக்கு.
அதுக்கு வாடக வாங்குததில்ல.
அத மட்டும் போடாதிய மேடம்.'

சரி என்று சொல்லிவிட்டு வந்து
போட்டேன்.

விலை கிடையாது. படம் கிடையாது.
மலிவு கிடையாது.
ஒரு போன் நம்பர், பெரிய எழுத்தில்.
மணிமுத்தாறுக்கு மேலே
ஒற்றைக் கோடு சிக்னலிலும் திறக்கும்.

இரண்டே வாரத்தில் முதலிடம்.
இன்னும் அவருக்குத் தெரியாது.

இதுவரை யாரும் அழுத்தவில்லை.
தினமும் காலையில்
அந்தப் பூஜ்யம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
குலவணிகர்புரம் பல் டாக்டரை
மேலே ஏற்றப் போகிறேன்.