வெற்று ஒலி, ஒரு நிமிடம்

பதினோரு இரவுகளுக்குத்தான் காசு இருந்தது.
சூனியக்காரிக்கு ஒரே சட்டை,
அது கிழிபடும் காட்சியைக்
கடைசி நாளுக்குத் தள்ளினான் தானெல்.
ரத்தம், பீட்ரூட் சாறும் சோளமாவும்.
குளிரில் உறைந்துவிட
மேலிஸ் அந்தப் புட்டியைக்
கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கினான்.

எஸ்தோனியாவின் தென்கோடி,
சதுப்புக்கு அப்பால் ஒற்றை மரவீடு.
கதைப்படி அதில் நால்வர்:
ஊர் விலக்கிய தகப்பன், தாய்,
பேச்சை விட்டுவிட்ட மகள்,
தொட்டிலில் துணிப்பொம்மை.
நிஜக் குழந்தைக்கு
எட்டு மணிக்கு மேல் அனுமதியில்லை.

என் வேலை ஒலி.
நீண்ட கழியின் நுனியில் மைக்கைத் தாங்கிக்
கை நடுங்காமல் நிற்பது.
கதவின் கிரீச்சை நாற்பது விதமாய்ப் பிடித்தேன்.
கழுத்து ஒடிய ஒரு கட்டு செலரித் தண்டு.
யாரும் பயப்படவில்லை.
பயம் பிறகு வரும், வெட்டி ஒட்டும்போது
என்றான் தானெல்.

வீடு லெய்தாவுடையது.
மரலாரி ஓட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும்.
நாளுக்கு எண்பது யூரோ,
விறகு தனிக் கணக்கு.
அடுப்போரம் உட்கார்ந்து
ஒவ்வொரு டேக்கையும் பார்த்தாள்,
பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி.

ஒன்பதாம் இரவு
ஊரார் தீப்பந்தங்களோடு வந்தார்கள்.
ஆள் போதாமல்
சமையல்காரனும் வேன் ஓட்டுநரும்
கேமராவைச் சுற்றிச் சுற்றி ஓடி
முப்பது பேரானார்கள்.
மண்ணெண்ணெய் நெடி. கொளுத்து, கொளுத்து என்ற கூச்சல்.

கட் சொன்ன பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல்
லெய்தா சொன்னாள்:
இப்படியெல்லாம் வரமாட்டார்கள்.
பால் வாங்குவதை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.
அம்மா கேனைச் சாலை முனையில் வைப்பாள்,
சாயங்காலம் அதே கனத்தோடு தூக்கி வருவாள்.
பக்கத்துப் பண்ணையில் ஒரு கன்று செத்திருந்தது.
பள்ளிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை
ஆறு வருஷம் காலியாகவே வந்தது.
வெண்ணெய்தான்,
அப்போது தின்ற அளவு நாங்கள் என்றும் தின்றதில்லை.

சூனியக்காரி ரீன்
சடைமுடி விக்கைக் கழற்றிக்
கையில் தொங்கவிட்டபடி நின்றாள்.
தானெல் குறிப்பேட்டைத் திறந்தான்.
மூடினான்.
வாங்கப்படாத பாலை எப்படி எடுப்பது?
மண்ணெண்ணெய்க்கு ஏற்கெனவே செலவாகிவிட்டதே.

எல்லாம் முடிந்தபின் வெற்று ஒலி.
வசனங்களுக்கு அடியில் விரிக்க
அறை சும்மா இருப்பதை
ஒரு நிமிடம் பதிவது.
பதினான்கு பேர் நின்ற இடத்தில் நின்றார்கள்.
ஹெட்ஃபோனில்
அடுப்பில் ஒரு கங்கு சரிந்தது.
கூரைப் பனி ஒரு விரல் நகர்ந்தது.
யாருக்கோ வயிறு இரைந்தது.
நாற்பதாவது வினாடியில்
லெய்தா எழுந்து போய்க்
கதவைத் திறந்து
சாலையைப் பார்த்து
மூடினாள்.

இன்னொரு தடவை எடுத்தோம், சுத்தமாக வந்தது.
முதலாவதை அழித்துவிட்டேன் என்று
தானெலிடம் சொன்னேன்.

படத்தில் தாய் தனியாக இருக்கும்
ஐந்து காட்சிகளுக்கும் அடியில் ஓடுவது அதுதான்.
தார்த்து நகரத்துத் திரையரங்கில் இருபத்திரண்டு பேர்.
செலரித் தண்டுக்குச் சிரித்தார்கள்.
தீப்பந்தத்துக்குக் கைபேசியை எடுத்தார்கள்.
ஒன்றுமே நடக்காத ஒரு காட்சியில்
முன்வரிசைக்காரன்
திரும்பிக் கதவைப் பார்த்தான்.

லெய்தா வரவில்லை.
விறகுக் கணக்கு இன்னும் பாக்கி
என்று செய்தி அனுப்பியிருந்தாள்.