மூன்றரை பவுண்டு காற்று

ஜக்கூர் ஹேங்கரில் காலை ஆறரை.
பெல்லாரி சாலை இன்னும் முழுசாக எழவில்லை.
விலைக்கு நிற்கும் விமானத்துக்கு
என்னைவிட ஒரு வயது கூட.
ஒற்றை எஞ்சின், ஆறு சிலிண்டர்.
ஆறு பேர் உட்காரலாம் என்கிறது காகிதம்,
நாலு பேர் என்கிறது என் இடுப்பு.

வாங்க வந்தவர் அமலோற்பவராஜ்,
ஓசூரில் ரோஜா வளர்த்து
கப்பலுக்கும் கார்கோவுக்கும் அனுப்புகிறவர்.
விற்கிறவர் மாச்சய்யா.
முழுக்கைச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
எனக்குக் கூலி முதலாமவர் தருகிறார்.
டீ வாங்கித் தந்தது இரண்டாமவர்.
இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

சிலிண்டர்களை நேற்றே பார்த்தாயிற்று.
எண்பது கொடுத்தால்
எழுபத்திரண்டு, எழுபது என்று திருப்பித் தந்தன ஐந்து.
மூன்றாவது ஐம்பத்தெட்டு.
எக்ஸாஸ்ட் குழாயில் காது வைத்தேன்,
வாய் திறந்து தூங்குகிறவன் மாதிரி உஸ்ஸென்றது.
ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தேன்.
ஜரிகை இல்லை.
சேலையில் இருந்தால் விலை கூடும்,
இதில் இருந்தால் பேச்சே முடிந்தது.

பதிவேடுகள் நான்கு.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
பதினான்கு மாதங்களைக் காணோம்.
"வீடு மாறினபோது" என்றார் மாச்சய்யா.
வீடு மாறும்போது தொலைவது
எப்போதும் அந்த ஒரு நோட்டுதான்.

இன்றைக்கு கேபின்.
மேலே மெலிந்துபோகும் காற்றை
உள்ளே கெட்டியாகப் பிடித்துவைப்பதற்குத்தான்
இதற்கு இத்தனை விலை.
தரையில் அதைச் சோதிக்க
ஒரு கம்ப்ரஸர், ஒரு குழாய்,
ஒரு வாளி சோப்புத்தண்ணீர், பெயின்ட் பிரஷ்.
யாராவது உள்ளே இருந்து முள்ளைப் பார்க்கணும்.
இர்ஃபான் ஏறப்போனான்.
"நான் உட்காருகிறேன், என் காசு" என்றார் ராஜ்.
"அந்த வால்வு முரண்டு பிடிக்கும், எனக்குத்தான் பழக்கம்"
என்று மாச்சய்யாவும் ஏறினார்.
கதவை நான் சாத்தினேன்.

ஒரு பவுண்டு. இரண்டு.
தகடு முதுகை நிமிர்த்திக்கொள்ளும் சத்தம்.
மூன்றரை.
இனி யானை இழுத்தாலும் கதவு வராது.

ரிவெட் வரிசை நெடுகப் பிரஷ் போட்டுக்கொண்டு போனேன்.
ஜன்னல் விளிம்பில் கடுகளவு நுரை. குறித்துக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
மாச்சய்யாவின் வாய் அசைந்தது.
கை மூக்குச் சக்கரத்தின் பக்கம் காட்டியது.
பிறகு உள்ளங்கை கவிழ்ந்து,
பந்தியில் இலை விரிப்பதுபோல மெதுவாக இறங்கி,
சட்டென்று முன்னால் குப்புற விழுந்தது.
ராஜ் முள்ளைப் பார்க்கவில்லை.

எனக்குக் கேட்டது கம்ப்ரஸர் மட்டும்.
கதவின் கீழ் மூலையில், பிரஷ் பட்ட இடத்தில்,
ஒரு குமிழி புறப்பட்டு
எலுமிச்சை அளவு வளர்ந்து உடைந்தது.
பின்னாலேயே இன்னொன்று.
அவர் பேசப் பேச வந்தது.
அவர் நிறுத்திய பிறகும் வந்தது.
ஆகவே சம்பந்தமில்லை.
ரப்பர் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இருவரும் காதைக் குடைந்துகொண்டே இறங்கினார்கள்.
"என்ன செலவு வரும்?"
"கதவு ரப்பர். மூன்றாவது சிலிண்டர்.
மூக்குச் சக்கரத்துக்கு மேலே தகட்டைக் கழற்றிப் பார்க்கணும்."
கடைசியாகச் சொன்னது
நேற்றைய பட்டியலில் இல்லை.
மாச்சய்யா பொத்தானைத் திருகினார்,
அந்த வேறு நிறப் பொத்தானை.
"அது வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றார் ராஜ்.
"உங்களுக்குத் தெரிந்தது
என் கையெழுத்துக்குத் தெரியாது சார்" என்றேன்.

இருபத்திரண்டு திருகாணி.
உள்ளே ஓர் ஒட்டுத்தகடு,
வஞ்சனையில்லாத வேலை.
ஓரத்தில் யாரோ பென்சிலில் தேதி போட்டிருந்தார்கள்,
காணாமல்போன மாதங்களில் ஒன்று.
படம் எடுத்தேன். மூடினேன்.

விலையை அவர்கள்
ராஜின் காரில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு பேசினார்கள்.
நாற்பது நிமிடம்.
வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.
நல்ல ரப்பர்.
ஒரு சொல்கூட ஒழுகவில்லை.