வெருலம் சந்தையில் ருசிக் கணக்கு

நாலு காகிதக் கிண்ணம். பெயர் கிடையாது, எண்தான்.
எல்லாம் இந்தப் பக்கத்து மண்:
ஒன்று டோங்காட், இரண்டு இண்டுவெடுவே மேடு,
மூன்று இனாண்டா, நான்கு ரெட்கிளிஃப்.
அதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது.
சொல்லாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

எண்ணெய் கொஞ்சம். உப்பு இல்லை, மசாலா இல்லை.
"அப்புறம் எதை ருசிக்கச் சொல்றே?" என்றாள்
மீன்கடை வரிசையை விட்டு வந்த ராஜம்பாள் நாயக்கர்.
சோளத்தை, என்றேன்.
சோளத்துக்கென்று ஒரு ருசி இருப்பதை
அன்றுதான் கேள்விப்பட்டவள் போல்
ஒவ்வொன்றாய் வாயிலிட்டு, கண்ணை மூடி,
மூன்றில் நின்றாள்.
"இதுல மழை வாசம்."
மழைக்குக் கட்டமில்லை படிவத்தில்.
நறுமணம்: நன்று, என்று குறித்துக்கொண்டேன்.

கால்பந்துச் சட்டையில் ஒரு பையன்
நாலுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டான்.
இன்னொரு சுற்று உண்டா என்றான்.
புதுசாய்க் கல்யாணமான இருவர்:
அவனுக்கு ஒன்று, அவளுக்கு மூன்று.
கத்தரிக்காய்க் கடைவரை பேச்சில்லாமல் போனார்கள்.

பத்தரைக்கு வந்தார் சிங்காரம் படையாச்சி.
ரெட்கிளிஃபில் ஏழு ஏக்கர், நாலாம் எண்ணின் தகப்பன்.
"என் மீலி என் நாக்குக்குத் தெரியாதா?
கண்ணைக் கட்டிக் குடு" என்றார்.
கட்டவில்லை. பொரிந்தபின் எல்லாம் ஒரே வெள்ளை.
இரண்டை மென்றார். இன்னும் கொஞ்சம் எடுத்தார்.
முகம் மலர்ந்தது, பொரியைப் போலவே, ஒரே வெடிப்பில்.
"இதுதான். இந்தத் தித்திப்பு என் கிணத்துத் தண்ணி."
நான்கை நுனிப்பல்லால் கடித்தார்.
"சக்கை. எவனோ எருவைக் கண்ணுல காட்டாதவன்."
அவரிடம் மிச்சமிருக்கும் தமிழில்
திட்டுக்குத்தான் இடம் அதிகம்.
பேனா ஒரு கணம் கனத்தது.
இரண்டுக்கு ஐந்து. நான்குக்கு ஒன்று.
அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு
விசிலடித்துக்கொண்டே போனார்.

பிற்பகல் மேசை துடைக்க வந்த தோலகேலே
கிண்ணங்களைத் தொடவில்லை.
சட்டியின் அடியைச் சுரண்டினாள்:
பொரிந்தும் பொரியாமலும்
வாய் பிளந்து பாதியில் நின்றுவிட்ட மணிகள்.
கடைவாயில் வைத்து நொறுக்கினாள்.
நாள் முழுக்க நான் கேட்ட முதல் சத்தம் அதுதான் போலிருந்தது.
"இதுக்கு என்ன எண்?"
கழிவு என்று எடைபோட்டு
எறியச் சொல்லியிருக்கிறார்கள் அதை.
எண் இல்லை, என்றேன்.
"நல்லது. அப்போ யாரும் விலை ஏத்தமாட்டாங்க"
என்று ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கணக்கு முடிந்தது. நூற்று நாற்பத்தாறு வாய்கள்.
இரண்டாம் எண் முதலிடம்.
திங்களன்று முடிவை அச்சிடுவார்கள், ஊரோடும் பேரோடும்.
சிங்காரம் படையாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிப்பார்.
அதை நினைக்காமலிருக்கப் பார்த்து டாக்சியில் ஏறினேன்.
பல்லிடுக்கில் ஒரு சோளத்தோல்.
நாக்கு போய்ப் போய் வருகிறது.
ஃபீனிக்ஸ் வரை தள்ளிப் பார்த்தும் வரவில்லை.
எந்தக் கிண்ணத்துடையது என்றும்
தெரியவில்லை.