ஆழக் கணக்கு

தலைக்கு மேல் போன வெள்ளம்
சாண் ஆனால் என்ன, முழம் ஆனால் என்ன என்பவர்கள்
கப்பல் வைத்திருப்பவர்கள் இல்லை.
அந்தச் சாணுக்கும் முழத்துக்கும்தான்
எனக்கு மாதம் நாற்பது ரூபாய்.

கோர் ஸுவைராவின் கழிமுகத்தில்
விடியுமுன் ஈயக்குண்டை இறக்குவேன்.
குண்டின் அடியில் ஆட்டுக்கொழுப்பு.
ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா
சொல்ல வேண்டும்.
முத்துக் குளித்த காலத்தில் உடம்பையே இறக்கினேன்;
காது வலிக்கிற வலியில்
எத்தனை பாகம் என்று தெரிந்துவிடும்.
இப்போது கயிறு போகிறது, நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன்.
முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

ஷேக் முஸப்பா கேட்டது ஒரே கேள்வி:
"மர்ஹூன், எத்தனை?"
"நான்கு அடி. வற்றினால் மூன்று.
ஒட்டகம் நடந்தே அக்கரை போகிறது."

அவர் அடகு வைத்தார்.
பத்து வருடச் சுங்கத்தை,
பேரீச்சந்தோப்பை,
மனைவியின் கழுத்து முத்துகளை.
அவற்றில் இரண்டு நான் எடுத்தவை
என்கின்றன என் காதுகள்.

கடன் எனக்குப் புதிதல்ல.
அப்பா கடலில் செத்த அன்று
நகுதாவின் கணக்கேட்டில் எதுவும் அடிபடவில்லை,
பெயர் மட்டும் மாறியது.
அதனால் சபையில் வணிகர்கள் கையெழுத்திடும்போது
நான் ஷேக்கின் மகனைப் பார்த்தேன்.
எட்டு வயது.
மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

தூர்வாரும் இயந்திரம் வந்தது.
இரவும் பகலும்
கழியின் அடிவயிற்றைக் குடைந்து
அக்கரையில் துப்பியது.
துப்பிய இடம் நிலமானது.
காய்வதற்குள் விலையானது.

கப்பலிலிருந்து கரைக்கு அரிசி மூட்டை சுமந்த
மூன்று தோணிகளின் சொந்தக்காரர் ஜௌஹர்
செருப்பைக் கழற்றாமலே சபைக்குள் வந்தார்.
"கப்பலே உள்ளே வந்துவிட்டால்
என் தோணிகளைத் தொட்டிலாகக் கட்டவா?"
"லாரி வாங்கு."
இரண்டை விற்று வாங்கினார்.
லாரி அச்சு வரை மணலில் புதைந்தது,
ஒட்டகம் கட்டி இழுத்தார்கள்.
சாலை மறுவருடம்தான் வந்தது.
இடையில் போன அந்த ஒரு வருடத்தை
ஜௌஹர் இன்னும் ஷேக்கிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் கப்பல் நுழையும் நாள்.
பஸ்ரா விருந்தாளிகள், முழு ஆடுகள், சோற்று மலை.
சிமெண்ட் ஏற்றிய கப்பலுக்கு வேண்டியது பதின்மூன்று அடி.
இரவெல்லாம் வடமேற்குக் காற்று மண்ணைத் தள்ளியிருந்தது.
பாதிப் பிறை; ஏற்றமும் அரைமனசாகத்தான் வரும்.
என் கயிறு பன்னிரண்டாம் முடிச்சில் நின்றது.
காரியஸ்தர் காதோரம் வந்தார்:
"பதின்மூன்று என்று சொல்."

"எத்தனை?" என்றார் ஷேக்.

ஆழத்தில் பொய் சொன்னால்
மேலே கயிறு பிடிப்பவனுக்கு
எப்போது இழுப்பதென்று தெரியாது.
"பன்னிரண்டு" என்றேன்.

வெள்ளை அங்கியோடு என் படகில் இறங்கினார்.
குண்டில் ஒட்டியதை விரலிடையில் தேய்த்தார்.
"சேறுதானே? பாறை இல்லையே?"
"இல்லை."
"அப்படியானால் கடலுக்குக் காத்திருப்போம்."

ஐந்து மணி நேரம்.
சோற்றின் மேல் நெய் உறைந்தது.
இன்சூரன்ஸ்காரர் கைக்குட்டையை மூன்றுமுறை பிழிந்தார்.
ஷேக் சாப்பிடாததால் யாரும் சாப்பிடவில்லை.
அஸர் தொழுகை முடிந்து
கப்பல் மெல்ல உள்ளே வந்தது,
அடிவயிறு சேற்றில் உரச உரச.
யார் காலத்திலிருந்தோ கீழே கிடந்த நாற்றம்
ஊர் முழுக்க எழுந்தது.
பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குலவையிட்டார்கள்.

இரவு நான் சொன்னேன்:
"எவ்வளவு தோண்டினாலும்
வருடத்துக்கு ஒரு சாண் மண் திரும்பி வரும்."
ஆறிய இறைச்சியில் ஒரு துண்டைப் பிய்த்து
என் தட்டில் வைத்தார்.
"கடனும் அப்படித்தான். காலையில் வா."

காலையில், அதே நேரத்துக்கு,
பன்னிரண்டே கால்.
அப்படியே சொன்னேன்.