இருபது ஆம்பியர்

ஜப்பான்காரன் இந்தக் காருக்கு வைத்த குரல்
கடன் கேட்க வந்துவிட்டு
சும்மா பார்த்துப் போகலாமென்று வந்தேன் என்று
செருப்பை மாட்டிக்கொள்கிறவனுடையது.
கீச்.
அவ்வளவுதான்.

அவன் ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லையாம்.
இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையும் வலப்பக்கம்.
முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்கு
எதிரே என்ன வருகிறதென்று
பக்கத்து சீட் பயணிதான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.
பயணி இல்லாத நாளில்
ஒரு குரலாவது வேண்டாமா?

அஞ்சலையிடம் சொன்ன காரணம் இது.
பாதி உண்மை.

தன்லினில் வெள்ளையன் கடை.
பலகையில் கோ ப்யூ என்றிருக்கும். பொருள் ஒன்றுதான்.
எந்த மொழியில் கூப்பிட்டாலும்
கிரீஸில் கறுத்த கைதான் முதலில் வெளியே வரும்.

கிரில்லைக் கழற்றினான்.
உள்ளே ஒற்றை வில்லை, இட்லியைவிடச் சிறிது,
ஒரே நட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.
அந்த இடத்தில்
செத்த பஸ் ஒன்றிலிருந்து உருவிய இரட்டை நத்தைகள்.
"ஒண்ணு அடிக்குரல், ஒண்ணு கீச்சுக் குரல்.
புருஷன் பெண்டாட்டி மாதிரி
சேர்ந்து கத்தினாத்தான் ஊர் திரும்பும்."

"பழைய ஒயரிலேயே கொடுத்துடேன்."
"தாங்காதுண்ணே, உருகிப்போகும்.
பேட்டரியிலிருந்து தனி ஒயர்,
இருபது ஆம்பியர் ஃப்யூஸ், நடுவுல ரிலே.
பழைய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்பும்.
அதோட வேலை அவ்வளவுதான். பேசுறது இது."

அழுத்திப் பார்த்தேன்.
தகரக் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.
தேநீர்க்கடையில் ஒருவன்
மொஹிங்காவை மடியில் கவிழ்த்துக்கொண்டு
என் குலத்தையே வாழ்த்தினான்.
வெள்ளையனின் நாய்
இன்றுவரை என் வண்டிப் பக்கம் வருவதில்லை.

அட்டையில் என்ன இனம் என்று
ஜன்னலுக்குள்ளிருந்து கேட்கும்போதெல்லாம்
குரலைத் தணித்துத் தணித்தே
ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது எனக்கு.
மறுபடி அழுத்தினேன்.
வெள்ளையன் காசு எண்ணி முடிக்கும்வரை
கையை எடுக்கவில்லை.

மீதிப் பாதி இது:

அந்தப் பிப்ரவரி, இரவு எட்டு மணி.
தெரு முழுக்கத் தட்டும் சட்டியும் அண்டாவும்.
அஞ்சலை இட்லிப்பானை மூடியைக்
கரண்டி வளைகிறவரை அடித்தாள்.
கார் இருந்தவர்கள் ஹாரனில் கை வைத்து
எடுக்கவே இல்லை.
நானும் அழுத்தினேன்.
கீச்.
எதிர்வீட்டுக் கோ நைங்கின் பிள்ளைகள்
அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்களில் மூத்தவன் எங்கே என்று
இப்போது யாரும் கேட்பதில்லை.
ஹாரனுக்குக் காசு சேர்ந்தபோது
தெரு அடங்கிப்போயிருந்தது.

போன வாரம் பாலத்தின் மேல்
முன்னால் ஒரு பச்சை லாரி.
நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம்.
பின்பலகைக்கு வெளியே இரண்டு பூட்ஸ் கால்கள்
ஆடிக்கொண்டிருந்தன.
என் கை ஹாரன்வரை போனது.
போன இடத்தில் தூசி துடைத்துவிட்டுத் திரும்பியது.
"ஹாரன் ரிப்பேரா?" பின் சீட் அம்மாள் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
பாலம் முடிகிறவரை,
ஆறு முடிகிறவரை
ஆமாம்.

இரவில் வேலியோரம் வண்டியை நிறுத்தி
பானட்டைத் தூக்கி
அந்த ஃப்யூஸைப் பிடுங்கிவிடுகிறேன்.
மஞ்சளாக, பூசணி விதை அளவு.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்துகிறேன்.
எட்டு மணிக்கு அழுத்துகிறேன்.

நத்தைகள் வாய் திறப்பதில்லை.
இருட்டில் ரிலே மட்டும்
டிக்.
டிக்.
அந்த மெலிந்த பழைய ஒயர்
எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

நேற்று எதிர்வீட்டில்
ஒரு கரண்டி தட்டில் பட்டது.
ஒரே முறை.
பாத்திரம் கழுவினார்களாயிருக்கும்.